மின்காந்தப் பீரங்கியும் என் மீசையும்

பிள்ளைகளே, அன்று வேலை முடிந்து மீசை இல்லாமல் நான் வாசலில் வந்து நின்றபோது சின்னவள் சிரித்தாள். பெரியவன் சிரிக்கவில்லை. "யாருப்பா செத்தது?" என்று கேட்டான். நம்முடைய ஆட்களில் வளர்ந்த ஆம்பிளை மீசையை மழித்தால் அது சாவுக்குத்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "ஒருத்தருமில்ல, சும்மா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். அது பொய். அதைச் சரிப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமாவும் நானும் ஒரே கராஜில் வேலை செய்தோம். மஹய்யாவையிலிருந்து அவர் நடந்தே வருவார். குண்டசாலையிலிருந்து நான் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் வேலையைத் தொடங்கியிருப்பார். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றுவது அவர் வேலை. தேய்ந்த பிரஷ்ஷை மாற்றுவது என் வேலை. பிரஷ் என்றால் விரல்நுனி அளவு கரித்துண்டு. சுற்றுகிற செம்பை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும், பொறி பறக்கும், தேயும். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் மாமா போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காக்காரன் போர்க்கப்பலுக்காகச் சோதித்துக்கொண்டிருந்த பீரங்கி. வெடிமருந்து கிடையாது. இரண்டு தண்டவாளம், நடுவில் ஒரு குண்டு. மின்சாரம் பாய்ந்தால் காந்த விசையே குண்டைத் தள்ளிவிடும்.

"நம்ம மோட்டார் வட்டமா சுத்துது, இது நேரா ஓடுது. அம்புட்டுத்தான் மாப்ள" என்றார்.

"மருந்து இல்லன்னா வாயில அவ்வளவு நெருப்பு எங்கருந்து வருது மச்சான்? தண்டவாளந்தான் எரியுது. நாலு குண்டுக்கு ஒருக்கா கழட்டி மாத்தணும். நடுக்கடல்ல யாரு மாத்துவா?"

"உங்களத்தான் கூப்புடுவாங்க. தேஞ்சத மாத்துற ஆளு நீங்கதானே!"

கராஜே சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அது கப்பல்ல ஏறிக் கடல்ல சுட்டா, அன்னைக்கே என் மீசைய எடுக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு எந்தச் சோதனை வீடியோ வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது என் மேலுதட்டைத்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சு. "ஆளக் கொல்ற சாமானுக்கு ரெண்டு பேருக்கும் என்னத்துக்குச் சண்ட?" என்று உங்கள் அம்மா ஏசுவாள். "கொல்றது எனக்கும் வேணாம் தங்கச்சி. வெறும் கரண்ட் இம்புட்டுத் தூரம் தூக்கி எறியுதே, அதத்தான் பாக்கிறேன்" என்பார். கம்பி சுற்றித் தடித்துப்போன அந்த விரல்களால் குண்டு போகும் வழியைக் காற்றில் கோடாகப் போட்டுக் காட்டுவார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது உங்களுக்குத் தெரியும். இரத்தம் சுத்தப்படுத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான்தான். அங்கே எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவருடைய இரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வரும். எத்தனையோ இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய நான் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்னால் முடிந்த ஒரே காரியம் அந்தப் பீரங்கியை மறுத்துப் பேசுவது. மறுத்தால்தான் அவர் தலையணையிலிருந்து எழும்புவார், முகத்தில் ஒரு நிறம் வரும். "பாஸ், இன்னைக்கும் பீரங்கியா?" என்று சிங்களத் தாதி அரைத் தமிழில் கேட்பாள். "ஒரு பிளேடு எடுத்து வைங்க மிஸ், மாப்ளைக்குத் தேவப்படும்" என்பார். அதனால் எனக்குச் சந்தேகமில்லாத இடத்திலும் சந்தேகப்பட்டேன்.

அமெரிக்காக்காரன் அந்த வேலையை நிறுத்திவிட்டான் என்ற செய்தியை மாமாதான் முதலில் பார்த்தார். வாசித்துவிட்டுப் போனை வயிற்றின்மேல் கவிழ்த்து வைத்தார். "நீங்க சொன்னதுதான் சரி மாப்ள. தண்டவாளம் தாங்கலயாம்." ஊசி ஏறி ஏறிக் கட்டி தட்டிப்போன தன் கையை ஒருதரம் பார்த்தார். "எல்லாம் தேயுந்தானே."

"இல்ல மச்சான், ஜப்பான்காரனும் இதச் செய்றானே, அவன் விடமாட்டான், செஞ்சு காட்டுவான் பாருங்க" என்றேன். இவ்வளவு நாளும் நான் சொன்னதற்கெல்லாம் மாறாக, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "பொய் சொல்ல உங்களுக்கு வராது மாப்ள." அவரிடம் ஒரு நல்ல வார்த்தை எடுபட வேண்டிய நாளில் என் வார்த்தை எடுபடவில்லை. அதற்கு நானேதான் காரணம்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். அம்மா அழுது கூட்டிப்போனாள். அதற்கடுத்த தடவை நான் அதட்டிக் கூட்டிப்போனேன். மூன்றாம் தடவை ஓட்டோ வாசலில் வந்து நின்றது. அவர் சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்து, "ஓட்டோவ அனுப்பிருங்க மாப்ள" என்றார். அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாவுக்கு அவருடைய மகன் மீசையை எடுத்தான். மச்சானுக்காக எடுக்கிற முறை எனக்கு இல்லை.

பெரியவன் என்னைக் கேட்டானே, அன்று தேத்தண்ணி நேரத்தில்தான் அந்த வீடியோ என் போனில் வந்தது. ஜப்பான்காரன் கப்பல், சாம்பல் நிறக் கடல், பீரங்கி வாயில் ஒரு நெருப்பு. குண்டு போய்விட்டது. தலை நிமிர்ந்து மாமா வேலை செய்த எதிர் மேசையைப் பார்த்தேன். அங்கே இப்போது பழைய பெட்டரிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் போகும்வரை இருந்தேன். உடைந்த ஓட்டோக் கண்ணாடி ஒன்றைக் குழாய்க்கு மேலே சாய்த்து வைத்து, சவுக்காரம் போட்டு, ஒரு பக்க மீசையை எடுத்தேன். பிளேடைக் கழுவும்போது என்னையறியாமல் வாய் திறந்தது. "ஒருக்கா சுட்டாப் போதுமா மச்சான்? தண்டவாளம் எத்தன நாளைக்குத் தாங்கும்னு கேட்டீங்களா?"

குழாயை மூடினேன். பிறகு மற்றப் பக்கத்தையும் எடுத்தேன்.