ஜிபார் தேர்ந்தெடுத்த வளையத் தூளி

காராசூ சந்தையில் சோனுன் கடை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். பழைய குழந்தை வண்டியில் கம்பளிக் காலுறை வைத்து விற்றவளுக்கு இன்று மூன்று சரக்குக் கண்டெய்னர் நிறையக் கடை. துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே தரம் சொல்லுவேன். ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, எங்கள் தெரு ஜிபாரைப் பற்றி. அந்தத் தூளியை அவளுக்கு விற்றது நான் என்பதால் நடுவில் நானும் வருவேன்.

எட்டு மாத வயிற்றோடு வந்தாள்.

"அக்கா, தோள்ல மாட்டுற தூளி இருக்குமா? வளையம் வைச்சது."

"பொறக்கறதுக்கு முந்தி சாமான் வாங்கலாமாடி? உன் மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வர விடுவாங்களா?"

"வீட்டுலதான் மரத்தொட்டில் இருக்கே."

"அது அத்தை தொட்டில். மூத்தவன் அதுலதான் கிடந்தான்."

எங்கள் பக்கம் தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டி தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்வார்கள். ஜிபாரின் மகனுக்கு நாலு வயது. மாமியாரை அம்மா என்பான். பெற்றவளை மதினி என்பான்.

"நேத்து வந்து, 'மதினி, அம்மா டீ கேக்குறாங்க'ங்கிறான். போட்டுக் குடுத்தேன்" என்றாள். "இதை விட மாட்டேன் அக்கா. பெரிய மாமாவுக்குப் பதினாறு வருஷமா பிள்ளை இல்லை. அத்தை இப்பவே என் வயித்தைப் பாத்துட்டு அவங்களைப் பாக்குறாங்க. உடம்போட கட்டிக்கிட்டா எப்படிப் பிடுங்குவாங்க?"

பெரிய மாமா என்றது கணவனின் அண்ணன் மாமசாலியை. அவர் மனைவி அனார்கான். எல்லாரும் ஒரே முற்றம். ஜிபாரின் கணவன் மாஸ்கோவில் கட்டட வேலை.

ஐந்து தூளிகளை எடுத்துப் போட்டேன். அவள் கை நேராகச் சிவப்புப் பளபளப்புக்குப் போனது.

"அது வழுக்கும். நீ என்ன கல்யாணத்துக்கா போறே?"

அடுத்ததை எடுத்தாள். வளையத்தை வெளிச்சத்தில் காட்டினேன், பற்றவைத்த தழும்பு தெரிந்தது. ஒட்டுப் போட்ட வளையம் ஒருநாள் வாயைத் திறக்கும். ஒட்டே இல்லாத வளையமாக இருக்கவேண்டும். இந்தச் சந்தையில் இதைச் சொல்லி விற்கிறவள் நான் ஒருத்திதான். கடைசியில் சாம்பல் நிற லினன் துணியில் வந்து நின்றாள். சொரசொரப்பு, ஆனால் பிடித்தால் நகராது.

மூன்று கிலோ உஸ்கேன் அரிசிப் பையை வைத்து, துணி நுனியை வளையத்தில் நுழைத்து இழுத்து இறுக்கிக் காட்டினேன். பிள்ளை நெஞ்சோடு நிமிர்ந்து இருக்கணும், தாடை மடங்கினால் மூச்சு முட்டும், முட்டி இரண்டும் மேலே ஏறி இருக்கணும், குனிந்தால் உச்சந்தலைக்கு முத்தம் எட்டணும். குனிந்து அரிசிப் பைக்கு ஒரு முத்தம் வைத்தாள்.

"உன் புருஷன் மூக்கு இல்லாத வரைக்கும் அரிசி அழகுதான்" என்றேன். சிரித்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு நாள்கூட அது தொட்டிலில் கிடக்கவில்லை. "பஸ் கண்டக்டர் பை மாட்டின மாதிரி அலையுறா பாரு" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். ஜிபார் காதில் வாங்கவில்லை.

நாற்பதாம் நாள் என்னையும் கூப்பிட்டார்கள். நாற்பது வீட்டில் வாங்கின துணித்துண்டுகளை ஒட்டிப் பிள்ளைக்குத் தைத்த சட்டையில் நல்ல வெல்வெட் துண்டு என்னுடையது. நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினதும் ஜிபார் பிள்ளையைத் தூளியில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் டீ ஊற்றினாள். பிறகு மாமனார் தாஷ்மத் ஆசீர்வாதத்துக்குக் கை ஏந்தினார். பெரியவர் கை ஏந்தினால் எங்கள் கையும் தானாக ஏந்தும். மூச்சு விடுவது மாதிரி அது. அவர் வழக்கம்போல வாய்க்குள் முனகினார். முடித்ததும் எல்லாரும் ஓமின், அப்படியே ஆகட்டும், என்று முகத்தைத் தடவினோம். ஜிபாரும் தடவினாள். நானும்தான்.

கை இறங்கினபோது மாமசாலி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவள் என் காதில் சொன்னாள்: "பிள்ளை மாமசாலி அடுப்படியில வளரட்டும், அவனை அப்பான்னு கூப்பிடட்டும்னு சொன்னாரு."

ஆசீர்வாதத்துக்குக் கை ஏந்தி ஓமின் சொன்னால் சம்மதம். அதற்கு மேல் பேச்சில்லை.

மறுநாள் ஜிபார் வந்து துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அவர் சொன்னது எனக்குக் கேக்கவே இல்லை அக்கா. கை ரெண்டும் சும்மா இருந்துச்சு, தூக்கிட்டேன். பிள்ளை மடியில இருந்திருந்தா ஒரு கையாவது அதுமேல இருந்திருக்கும்."

"இழுத்துப் பிடுங்கினாங்களா?"

"இல்லை. அத்தைக்கு அந்த வளையத்தைத் தளர்த்தத் தெரியலை. பிள்ளை அழுதுச்சு. நான்தான் தளர்த்திக் குடுத்தேன்."

சுங்கக்காரனையே பேசி மடக்கினவள் நான். அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாஷ்மத் ரொட்டியைப் பிய்த்து என் முன்னால் வைத்தார்.

"எல்லார் முன்னாடியும் கை தூக்கினா. நானா பிடிச்சுத் தூக்கினேன்? நீயும்தானே தூக்கினே, சோனுன்?"

"சின்ன வயசு. இன்னும் பெத்துக்குவா" என்றாள் மாமியார்.

அனார்கான் பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். என்னைப் பார்க்கவே பயந்தாள். அவளையும் திட்டத்தான் போயிருந்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஜிபார் கணவனுக்குப் போன் போட்டாள். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று வைத்துவிட்டான்.

நாலு மாதம் ஜிபார் பால் கொடுக்க அனார்கான் பிள்ளையைக் கொண்டுவருவாள், முடிந்ததும் வாங்கிப்போவாள். பிறகு பால் வற்றியது. புட்டிப்பால் வந்தது, அந்த வரவும் நின்றது.

அடுத்த மாதம் ஜிபார் மாஸ்கோவுக்கு பஸ் ஏறினாள், தையல் வேலைக்கு. கணவனிடம் போகவில்லை, வேறு பெண்களோடு அறை எடுத்திருக்கிறாள். வழியனுப்ப வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. நான் ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். தூரம் போகிறவர்கள் ஒரு கடி கடித்துவிட்டுப் போனால், மிச்சம் அவர்கள் திரும்பி வரும்வரை வீட்டில் காத்திருக்கும்.

நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தாள். கடிக்கவில்லை.

"நீங்களே சாப்பிட்டுருங்க அக்கா, ஆறிடும்."

பஸ் போனபிறகு சாப்பிட்டேன்.