மலாய் மொழியில் சொன்ன வலி

எண்பதுகளின் பிற்பாதி. சிங்கப்பூரின் ஈசூனில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் கணவருக்கு வயிற்றில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

துடைப்பது, துவைப்பது, கஞ்சி வைப்பது, அதை அவர் வேண்டாமென்று தள்ளுவது. இதுதான் என் நாள். வலிக்கிறதா என்று கேட்டால் கொஞ்சம்தான், நீ போய்ப் படு என்பார். கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொல்ல மட்டும் மனிதருக்குத் தெம்பிருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் அலுப்பு. சில சமயம் எரிச்சலாகவே வரும்.

மாதா கோவிலுக்கு வரும் ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாதியை அனுப்பிவைத்தார். வீடு தேடிப் போய் இலவசமாக நோயாளிகளைப் பார்ப்பவராம். ஓய்வுபெற்ற சீனப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது, என் கணவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் சந்தை மலாய் இருவருக்கும் தண்ணீர் பட்ட பாடு.

நான் காப்பி கலக்கச் சமையலறைக்குப் போனேன். குழாயை மூடியதும் என் கணவரின் குரல் கேட்டது. அந்த மலாய் எனக்கும் தெரியும். உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, ராத்திரியெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடாதே மிஸ்ஸி, பாவம், அவளாவது தூங்கட்டும் என்றார். நான் கேட்டது தெரியாமலிருக்கக் குழாயை மறுபடி திறந்துவிட்டேன்.

தாதி மறுநாளே ஒரு டாக்டரை அழைத்து வந்தார். வலிக்கு அவர் கொடுத்தது குடிக்கிற தண்ணீர் மருந்துதான். வலி வரும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் மனிதர் மத்தியானத்தில் குறட்டை விட்டார். எழுந்ததும் கேட்டேவிட்டேன்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

"இப்ப மட்டும் தூங்கினேனா? நீங்க புரள்றது கேட்கும். கேட்டாலும் சொல்ல மாட்டீங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

"நல்ல ஜோடி லா நாம," என்றார். இருவரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

சில வாரங்களில் அவர் போய்விட்டார். அதற்குள் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டோம். இப்போதும் அந்தத் தாதியை நினைக்காத நாளில்லை. அவர் மட்டும் எங்கள் கதவைத் தட்டியிருக்காவிட்டால், ஒரே கட்டிலில் கிடந்துகொண்டு, ஒருவருக்காக ஒருவர் தூங்குவதாக நடித்தபடியே நாங்கள் பிரிந்திருப்போம்.