நாலாவது சரணம்

என் தங்கை வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் பாட்டுக்கடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வைத்திருப்பது என்னவோ சலூன்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சுழல் நாற்காலி இரண்டு, அதில் ஒன்று எப்போதும் பழுது. நல்ல நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கழுத்தில் வெள்ளைத் துணி, காதோரம் கத்தரி, முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டு. எல்லாம் அவரே கட்டியவை. முடி வெட்டுகிறவர்களைக் கவனித்திருந்தால் தெரியும், இரண்டு வெட்டுக்கு நடுவில் கத்தரியைச் சும்மா காற்றில் நாலு தட்டுத் தட்டுவார்கள். அதுதான் அவருக்குத் தாளம்.

பாட்டு எவ்வளவு கிடைக்கும் என்பது அவரவர் தலையைப் பொறுத்தது. அடர்த்தியான தலைக்கு மூன்று சரணம். என் தலையில் காதுக்கு மேல் ஒரு வேலி மட்டும்தான் பாக்கி, ஏழு நிமிட வேலை. பதினெட்டு வருஷமாகப் போகிறேன், எந்தப் பாட்டையும் முதல் சரணத்துக்கு மேல் கேட்டதில்லை. துணியை உதறினால் பாட்டும் முடிந்தது. "மீதியையும் பாடுங்க மாப்பிள்ளை" என்றால், "அடுத்த ஆள் காத்திருக்கார் மச்சான்" என்பார். ஒரு நாள் கடையில் யாருமே இல்லை. அப்போதும் அதையேதான் சொன்னார்.

என் தங்கைக்கு அந்த ஏழு நிமிடமும் கிடைக்கவில்லை. அது ஆண்கள் கடை, அவள் அங்கே போவதே இல்லை. பகலெல்லாம் ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருப்பாள். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தால் கல்லுளிமங்கன். "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், மூடுவார். "தொண்டை சரியில்லை" என்பார்.

இதெல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பஸ் டிரைவர் கெடுத்தார். ஆலைக்குப் போகிற வழியில், பஸ்ஸே கேட்கிற மாதிரி, "உங்க மேல உங்க வீட்டுக்காரர் ஒரு பாட்டுக் கட்டியிருக்காரே, ரெண்டாவது சரணம் பிரமாதம்மா!" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அந்த டிரைவருக்குப் பாடலாம், பல் டாக்டருக்குப் பாடலாம். என் மேல கட்டின பாட்டை எனக்குப் பாட என்னண்ணே கேடு?"

எனக்கே அவர் மேல் கோபம்தான். அவள் கோபத்துக்குள் அழுகை இருந்தது, அது எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய் மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். கத்தரியைத் துடைத்து மேசை மேல் வைத்தார். பிறகு, "கோடைக் கச்சேரியில பேரு கொடுத்துடுறேன் மச்சான். அவளை முன்வரிசையில உட்காரச் சொல்லுங்க" என்றார்.

கோடைக் கச்சேரி என்பது எங்கள் ஊர் நூலகரம்மா நடத்துவது. வருஷத்துக்கு ஒரு தடவை, நூலகத்துக்குப் பின்னால் புல்தரையில், வெயில் தாழ்ந்ததும் ஆரம்பம். உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் பாடலாம், தாங்களே கட்டிய பாட்டாக இருக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு. தங்கை ஆலை முழுக்கச் சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "அன்னைக்கும் பாடலைன்னா, இனி இந்த ஜென்மத்துல கேட்க மாட்டேன்." எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் எனக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான்.

கச்சேரி அன்று அவருக்குப் புதுச் சட்டை. கிளம்புகிற நேரத்தில் பையில் கத்தரி எட்டிப் பார்ப்பதைத் தங்கை பார்த்துவிட்டாள். "மேடைக்குப் போறப்பவுமா? கொடுங்க இங்க" என்று பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டார்.

முதலில் டிரைவர் தன் வழித்தடத்தின் நிறுத்தங்களை வைத்து ஒரு பாட்டுப் பாடினார். எங்கள் தெருவை விட்டுவிட்டார், நிஜத்திலும் அங்கே நிறுத்த மாட்டார். அடுத்துப் பல் டாக்டர். ஊரையே வாய் திறக்க வைக்கிறவர், தன் வாயை மூடத் தெரியாதவர். இரண்டுக்கு நாலு பாடினார், நாலும் சோகம். அப்புறம் மாப்பிள்ளை ஏறினார்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். எதிரே இருநூறு முகம். அதில் ஆண்கள் அத்தனையும் அவர் வெட்டிய தலைகள்தான், ஆனால் அவருக்குப் பழக்கமெல்லாம் பின்பக்கம். பேந்தப் பேந்த விழித்தார். அரை நிமிடம் போனது, ஒரு நிமிடம் போனது. "வாயை நல்லாத் திறங்க!" என்று பல் டாக்டர் கத்தினார். நாலு பேர் சிரித்தார்கள். என் தங்கையின் முகம் சுண்டிப்போனது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் மோதிர விரலும் வெறுங்காற்றைப் பிடித்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஐயோ அண்ணே, அது என் பையில இருக்கு!"

ஓடிப்போய்க் கத்தரியைக் கொடுத்தாள். காற்றில் நாலு தட்டுத் தட்டினார். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, அத்தோடு நின்றது. "தலை வேணும்" என்றார், ஒலிபெருக்கியில். நூலகரம்மா அவசரத்தில் பக்கத்திலிருந்த என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அன்றைக்கு அதிகச் சிரிப்பு வாங்கியது நான்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் தங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேடைக்கு இழுத்துப் போட்டாள். அவருக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். இடுப்பு வரை தொங்கிய பின்னலை அவிழ்த்து விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தரி படாத முடி.

"நுனி மட்டும். ரெண்டு விரல் அளவு" என்றாள்.

கத்தரி பேச ஆரம்பித்தது. பாட்டும் வந்தது.

*ரொட்டிவாசம் தூக்கிவரும் சாயங்காலக் காத்து*
*ரோட்டுலதான் நிக்குதடி கண்ணு உன்னைப் பாத்து*

ஏழு நிமிடத் தலைக்காரனான எனக்கு இரண்டாவது சரணம் அன்றுதான் கிடைத்தது. டிரைவர் பொய் சொல்லவில்லை. மூன்றாவதில், அவள் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு அவரையே திட்டியதெல்லாம் வந்தது. தங்கை சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். இத்தனை வருஷம் அவளைத் தவிர ஊரே பாட்டைக் கேட்டது. இப்போது அவரைத் தவிர ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது முடிந்ததும், பாட்டைத் தெரிந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அவர் நிறுத்தவில்லை.

*ஊருக்கெல்லாம் பாடிப்புட்டேன் உனக்குமட்டும் பாடலியே*
*உன் முகத்தைப் பாத்துப்புட்டா ஒருசொல்லும் கூடலியே*

இதை எந்தத் தலையும் கேட்டதில்லை. டிரைவர் என் பக்கம் திரும்பி, "இது புதுசு" என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. உதறத் துணியில்லாததால் கைக்குட்டையை உதறினார். தங்கை எழுந்து முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய்த் தேடினாள். முடி தோளோடு நின்றது. மேடையில் ஒரு முழத்துக்குக் குறையாமல் கிடந்தது. பாட்டு ஓடுகிற வரை அந்தக் கையும் ஓடும் என்பது அவருக்கே தெரியாது, கடையில் எப்போதும் தலைதான் முதலில் முடியும்.

"இதுதான் உங்க ஊருல ரெண்டு விரலா?"

"நாலாவது சரணம் இப்பத்தான் வந்துது" என்றார், அசடு வழிந்தபடி.

"அஞ்சாவது வந்திருந்தா மொட்டை!" என்றாள். அப்புறம் கீழே கிடந்த முடியை ஒரு பார்வை பார்த்தாள். "போகட்டும். கேட்டாச்சு" என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர்கள் வீட்டுக்குப் போனால், கதவைத் தட்டுவதற்கு முன்பே கத்தரிச் சத்தம் கேட்கிறது. ஜன்னலோரம் முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருப்பாள், பின்னால் அவர் நிற்பார்.

"ஒரு முடி விழுந்தாலும் தெரியும் சேதி" என்பாள்.

"காத்துலதாம்மா தட்டுறேன்" என்பார், முதல் சரணத்துக்கு முன்னால்.

நான் நாலாவது முடிகிற வரை வாசலிலேயே நிற்பேன்.