கீரையைக் களை என்று சொன்ன நாள்

போன கோடையில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற டண்டினொங் நகரில் ஆளுக்கொரு பாத்தி எடுத்துப் பயிர் வைக்கிற பொதுத்தோட்டத்தில் இது நடந்தது. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

என் பக்கத்துப் பாத்தி கொங்கோவிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண்ணுடையது. எங்கள் பாத்திகளில் தக்காளி ஒரு வரிசை, கத்தரி ஒரு வரிசை, நடுவில் வெறும் மண். அவருடையதில் சோளத்தைச் சுற்றி அவரைக்கொடி, கீழே பூசணி, இடையெல்லாம் வரிசையில்லாமல் முளைத்த முளைக்கீரையும் மணித்தக்காளியும். அவருடைய ஊரில் மழைக்காட்டுக்குள் பெரிய மரங்களை விட்டுவிட்டுத்தான் தோட்டம் செய்வார்களாம். மண்ணை வெறுமையாக விட்டால் மழை அரித்துக்கொண்டு போய்விடும். மரவள்ளி விளையாத வருடங்களில் காட்டு இலைகளும் காட்டுக் கிழங்கும்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினவாம். அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொல்ல, அரைகுறை ஆங்கிலத்தில் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். போகும்போது ஒரு கட்டுக் கீரை தருவார்.

முளைக்கீரையில் நல்ல இலை உள்ள ஐந்தாறு செடிகளை மட்டும் பறிக்காமல் விதைக்கு விட்டிருந்தார். நாலு வருடமாக இப்படித் தெரிந்தெடுத்து வந்த விதை. இப்போதுதான் ஊர்க் கீரையின் ருசிக்குக் கிட்ட வந்திருக்கிறது என்று சொன்னார்.

ஒரு சனிக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தார். தோட்டக் குழுத் தலைவர் நாலைந்து பேரோடு சுற்றி வந்து, அந்தப் பாத்தியைக் காட்டி, "இதெல்லாம் களைதானே?" என்று என்னிடம் கேட்டார்.

முதல்நாள்தான் அதே கீரையைச் சோற்றோடு தின்றவன் நான். ஆனால் தெருவோரத்தில் முளைக்கிறதைத் தின்கிற ஆள் என்று நினைப்பார்களே என்று வெட்கம். தொழிற்சாலையில் மேலாளர் எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகிய சொல் வாயில் வந்தது.

"யெஸ்."

அடுத்த வாரம் போனபோது பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் களைநாசினி அடித்திருக்கிறார்கள். அவர் நடுவில் குந்தியிருந்து, விதைக்கு விட்ட செடிகளின் கதிர்களை ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்த்தார். ஒன்றும் முற்றியிருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அதைத்தானேயப்பா நாங்கள் சுண்டித் தின்னுறம். அதைச் சொல்ல உங்கட வாய்க்கென்ன பூட்டே?" என்றாள்.

"பேசாமல் இரும்."

"பேசாமல் இருந்துதானே இந்தக் கூத்து."

மாதக் கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத நான் அன்று எழுந்தேன். அது களை இல்லை, சாப்பாடு, நான் பொய் சொன்னேன், நீங்கள் கேட்டிருக்க வேண்டியது என்னை இல்லை, அந்தப் பெண்ணை என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. தலைவர் கையை விரித்தார். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே." இரண்டு பேர் சிரித்தார்கள்.

கூட்டத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்களும் அதைச் சாப்பிடுகிற ஆள்தானே?"

மருந்தடித்தவர்கள் மீதும், சிரித்தவர்கள் மீதும் என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்றைக்கும் "யெஸ்" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.