துரை வீட்டு நாய்க்கு ஈரல் வடை

ஜொகூரில் காஹாங் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவில் சமையல் செய்தவள் கத்தரின். கரி ஈரமாக வந்தால் அவளுக்கு எரிச்சல் வரும். மீன்காரன் நேரம் கழித்து வந்தால் எரிச்சல் வரும். இரண்டும் சரியாக வந்துவிட்டால், இன்றைக்கு யாரைத் திட்டுவது என்று அதற்கும் ஓர் எரிச்சல் வரும். இப்படிப்பட்டவளிடம் போய், சர்க்கரை வியாதி வந்த நாய்க்குத் தின்பண்டம் செய்யச் சொன்னார்கள்.

அவள் பிறந்தது சிகாமட்டில். அப்பா ரயில் பாதையில் வேலை பார்த்தவர். ஒரு மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வீட்டைக் கொண்டுபோய்விட, அவசர அவசரமாக மகளை ரபேல் என்பவனுக்குக் கட்டிவைத்து இந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார். ரபேல் நல்ல மனுஷன். மலேரியாக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. பங்களாவில் சமைக்க ஆள் தேடினார்கள், போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். உட்கார்ந்து அழ நேரம் கிடைக்காதவர்கள் கோபப்பட்டே காலத்தை ஓட்டுவார்கள் இல்லையா, அந்த ரகம்.

நாயின் பெயர் டியூக். நல்ல கருப்பு, கன்றுக்குட்டி உயரம். இத்தனை பெரிய பங்களாவில் அதற்குப் படுக்க வேறு இடமே கிடைக்காது. சமையல்கட்டு வாசலில்தான் குறுக்கே கிடக்கும். "சனியனே, தள்ளிப் படு" என்பதுதான் கத்தரின் அதற்குச் சொல்லும் காலை வணக்கம். அது வாலை ஆட்டும், தள்ளிப் படுக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடம் அந்த நாய் வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தின்றுகொண்டே இளைத்தது. தூணடியில் அது காலைத் தூக்கிய இடத்தில் எல்லாம் எறும்பு மொய்த்தது. துரை அதைக் காரில் ஏற்றி ஜொகூர் பாருவில் மாட்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். சோறு, ரொட்டி, பால், இனிப்பு எல்லாம் நிறுத்தம். தினமும் காலையில் ஓர் ஊசி. மருந்து சிங்கப்பூரிலிருந்து ஐஸ் பெட்டியில் ரயிலேறி வரும். போடுவது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மணியம்.

ஊசிதான் வில்லங்கம். குட்டியிலிருந்தே அந்த நாய்க்கு எதற்கும் கூலி கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். உட்கார் என்றால் ஒரு மேரி பிஸ்கட், கை கொடு என்றால் ஒரு மேரி பிஸ்கட். பிஸ்கட் இல்லாமல் ஊசியைக் காட்டியதும் மணியத்தின் மணிக்கட்டு அதன் வாயில் இருந்தது. மறுநாள் அவர் கட்டுப் போட்ட கையோடு சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

"கத்தரினம்மா, கடிக்க மொறுமொறுன்னு ஏதாவது செஞ்சு குடுங்களேன். சர்க்கரை கூடாது, மாவு கூடாது."

"அப்ப எதுல செய்யறது? காத்துலயா?"

"நீங்கதான் பார்த்துச் செய்யணும்."

"மனுஷனுக்குச் சமைச்சே சீவன் போகுது. இப்ப நாய்க்குப் பலகாரம் வேற. அலமாக்!"

திட்டிக்கொண்டே செய்தாள். தவிட்டைப் பிசைந்து சுட்டாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, இதை நீயே தின்னு என்பதுபோல் அவளைப் பார்த்தது. முட்டையை மட்டும் அடித்துத் தகட்டில் காயவைத்தாள். ரப்பர் மாதிரி இழுத்தது. தோட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமா என்று அதையும் வீசினாள். கடைசியில் ஆட்டு ஈரலை வேகவைத்து அம்மியில் அரைத்து, வறுத்த நெத்திலிப் பொடியும் முட்டையும் சேர்த்துத் தட்டி, சிரட்டைக் கரித் தணலின் ஓரத்தில் தகரத் தட்டை வைத்து நிதானமாகக் காயவிட்டாள். நாற்றம் பங்களா முன்வாசல்வரை போனது. துரைசானி மூக்கைப் பொத்தினாள். டியூக் எழுந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே கையைக் கொடுத்தது.

ஊசியும் ஒழுங்காக ஏறியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அவளுக்கு 'நாய்க்கு வடை சுடுறவ' என்று பட்டப் பெயரும் ஏறியது.

ஆனால் வியாதி இறங்கவில்லை. சனிக்கிழமை காலைதோறும் மணியம் ஒரு நீல மருந்தில் நாயின் மூத்திரத்தைச் சொட்டுவிட்டுக் காய்ச்சிப் பார்ப்பார். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை. ஒவ்வொரு சனிக்கிழமையும் செங்கல் நிறம்தான் வந்தது. துரை சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, வடையில் என்ன கலக்கிறாய் என்று கேட்டார். கத்தரினுக்கு உச்சி முதல் பாதம்வரை பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையால் செய்ததைச் சந்தேகப்பட்டு அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

துரை அடுத்து சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் அவர் விடுப்பில் சீமைக்குப் போகிறார். அதற்குள் நாய் தேறினால் மணியத்திடமும் கத்தரினிடமும் விட்டுப்போவார். தேறாவிட்டால், ஊசி குத்திக் குத்தி அதை அணு அணுவாகச் சாக விடமாட்டார், துப்பாக்கியால் தானே முடித்துவிடுவார்.

அன்று முழுவதும் அவள் யாரையும் திட்டவில்லை. பங்களா வேலைக்காரர்கள் பயந்தே போனார்கள்.

நாய்க்கு இனிப்பு எங்கிருந்து போகிறது என்று மறுநாளே வேட்டையை ஆரம்பித்தாள். துரைசானி சாஸரில் மிச்சம் வைக்கும் பால் தேநீரை நாய் நக்கிவிடாதபடி தட்டோடு தூக்கிப் போனாள். தோட்டக்காரனின் சட்டைப்பையில் கற்கண்டு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலைப் பார்த்தால், நாயைக் காணோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே தேடிக்கொண்டு போனவள் முனியாண்டி கோயிலடியில் நின்றாள்.

அங்கே பங்களா வாசல் கூட்டும் செல்லம், வாழை இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலை வைத்து டியூக்குக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப் பாவி! என்னடி பண்றே?"

"சத்தம் போடாதீங்கக்கா, சாமி இருக்காரு," என்றாள் செல்லம். "இதுக்கு வியாதி குணமாகணும்னு வேண்டிக்கிட்டேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பொங்கல் வெச்சு, பிரசாதத்த இதுக்கே குடுக்கறேன்னு."

"சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரைப் பொங்கலா?"

"பிரசாதம் யாருக்காச்சும் கெடுதல் பண்ணுமாக்கா?"

கத்தரின் தலையில் அடித்துக்கொண்டாள். நாயைக் கொல்வது அதன் மேல் உள்ள பாசம் என்றால் யாரைப் பிடித்து உலுக்குவது? செல்லத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பாக்கி விஷயத்தைச் சொன்னதும் அவள் இலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனால் வேண்டுதலை விடமாட்டேன் என்றாள். சாமிக்குக் கொடுத்த வாக்கு. பிரசாதம் நாய் வாயில் போயே ஆகவேண்டும்.

"உங்க முனியாண்டி கறி சாப்பிடற சாமிதானே?" என்று கேட்டாள் கத்தரின்.

"ஆமா."

"ஈரல் சாப்பிடுவாரா?"

செல்லம் யோசித்தாள். "சாப்பிடுவாரு. பொங்கல நாங்க சாப்பிட்டுக்கறோம், உங்க வடைய இதுக்குக் குடுத்துடலாம். ஆனா படைச்சாத்தான் அது பிரசாதம். சமைச்சவங்க தலைக்குக் குளிச்சிட்டு வந்து, அவங்க கையாலயே எலையில வெக்கணும்."

"நான் வேதக்காரிடி!"

"அது சாமிக்குத் தெரியும்க்கா. கோவிச்சுக்க மாட்டாரு."

உன் சாமி கோபிக்கமாட்டார், என் சாமி என்ன சொல்வார் என்று கத்தரின் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஈரத்தலையோடு, கழுத்தில் தொங்கிய சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, முனியாண்டியின் முன்னால் ஈரல் வடையை வைத்தாள். வைத்துவிட்டு, "சீக்கிரம் சாப்பிடுங்க, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று அவரையும் ஒரு அதட்டு அதட்டினாள்.

சனிக்கிழமை மருந்து செங்கல் நிறத்துக்குப் போகாமல் பச்சையோடு நின்றது, சர்க்கரை குறைந்திருக்கிறது என்றார் மணியம். இன்னும் சில வாரங்களில் நீலமாகவே நின்றது. துரை துப்பாக்கியை எடுக்காமலே கப்பலேறினார்.

மாதம் ஒருமுறை தோட்டத்துக்குப் பூசை வைக்க வரும் பிரெஞ்சுச் சாமியாரிடம் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மறைக்கத் தெரியாதவள், எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் நல்லவர், தமிழும் நன்றாக வரும்.

"தப்புன்னு தெரியுதா?"

"தெரியுது சாமி."

"அப்ப இனிமே செய்யமாட்டேன்னு சொல்லு. பாவமன்னிப்புக் குடுக்கறேன்."

"அது முடியாது சாமி. வர்ற வெள்ளிக்கிழமையும் வைக்கணும். நாய் போனப்புறம் வந்து சொல்றேன்."

மன்னிப்பு இல்லாமலே எழுந்து வந்தாள். மன்னிப்புப் பெறாதவர்கள் நற்கருணை அப்பம் வாங்கக் கூடாது. அன்றிலிருந்து அதை வாங்க எல்லோரும் எழுந்துபோகும்போது அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸ் வந்தது, பாஸ்கா வந்தது, உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். உட்கார்ந்தபடியே கைகளைக் குவித்து, பீடத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பாள். அது அவளுக்கு வலித்தது, ரொம்பவே வலித்தது. சின்னப் பெண்ணிலிருந்து ஒரு பூசையில்கூட அவள் நற்கருணையைத் தவறவிட்டதில்லை. பங்களாவுக்குத் திரும்பியதும், "எல்லாம் உன்னாலதான், சனியனே" என்று நாயைத் திட்டிக்கொண்டே அம்மியில் ஈரலை வைப்பாள்.

டியூக் அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் பார்த்தது. மூன்றாவதில் ஒரு காலை, வழக்கம்போல வாசலில் குறுக்கே கிடந்தது. "தள்ளிப் படு" என்றாள். வால் ஆடவில்லை.

அந்த மாதம் சாமியார் வந்தபோது கத்தரின்தான் முதலில் போய் மண்டியிட்டாள். சாமியார் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"இனிமே செய்யமாட்டேன், சாமி," என்றாள்.