அக்கா வண்டிக்கு ஏர் எடுத்த நாட்கள்

பிரேக் ஆயிலின் வாசனை ஏறக்குறைய விளக்கெண்ணெய் வாசனைதான். ஆனால் அதில் ஓர் இனிப்பு ஒளிந்திருக்கும். போன மாதம் நான் ஏறிப்போன பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. எனக்கு எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஊருக்கு என்பது இப்போது மறந்துவிட்டது. டிரைவர் இறங்கி முன் சக்கரத்தின் அருகே குந்தினார். ஜன்னல் வழியாக அந்த வாசனை ஏறி வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். நான் தலையை வெளியே நீட்டி, நெஞ்சு நிறைய இழுத்தேன். அக்கா மறுபடி ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

எழுபதுகளின் நடுவில் வில்லியனூரில் விழுப்புரம் ரோட்டோரமாக எனக்கு ஒரு ஷெட் இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. வெல்டிங் வேலைக்கு ஒரு கூட்டாளி. லாரி, டிராக்டர், பம்ப்செட் இன்ஜின் என்று எது வந்தாலும் பார்ப்போம். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளைக் கட்டிய மாமா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான கையோடு பிரான்சுக்குக் கப்பலேறிப் போனவள், ஒன்பது வருஷம் கழித்து எங்கள் ஊர் உறுவையாற்றுக்குத் திரும்பி வந்தாள். அதுவும் தரைவழியாக, நாடு நாடாகக் கடந்து, ஒரு வேனைத் தானே ஓட்டிக்கொண்டு. பட்டாளத்தில் மாமாவுக்கு ஒரு முழங்கால் போய்விட்டிருந்தது. வண்டி முழுக்க அக்கா பொறுப்பு.

வண்டியா அது! உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், கேஸ் அடுப்பு, கைகழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. "வூட்டையே ஓட்டிக்கினு வந்துட்டியேடி, அங்க காலி மனைக்கு யாரு காவலு?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். அக்காவுக்குச் சிரித்து மாளவில்லை.

ஆனால் வரும் வழியில், துருக்கி மலை இறக்கம் ஒன்றில், டிரம் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. கியரிலேயே இறங்கி வந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போதெல்லாம் வலது பாதத்தைத் தரையில் அழுத்துவாள். "அந்த பிரேக்க வச்சிக்கினு நான் திரும்பிப் போவ மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதே வண்டியின் புது மாடலில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்திருந்ததால், மாமாவின் சிநேகிதர் ஒருவர் அந்தச் சாமான்களை அங்கே விபத்தில் அடிபட்ட அப்படியொரு வண்டியிலிருந்து கழற்றி மரப்பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பினார். மாட்ட வேண்டியது நான். பிரேக் சரியான அன்றைக்கு அக்கா கிளம்புவாள். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சோறு போடும்போது அம்மா என் காதோடு சொன்னாள்: "நிதானமா செய்யி. இன்னா அவசரம் இப்ப?"

மாட்டுவதற்கு ஒரு நாள்தான் ஆயிற்று. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்தான் அதில் முக்கியம். அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் நாலு விரல்கடை எட்டவில்லை. அந்த மரை உள்ள நீள ஹோஸ் இங்கே எந்தக் கடையிலும் கிடையாது. எட்டாததை எட்ட வைப்பதுதானே எங்கள் பிழைப்பு? கூட்டாளி இடதுபக்கத்துக் காலிப்பரை எடுத்து வலதுபக்கம் வைத்துப் பார்த்தான். போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போயின. ஹோஸ் மாட்டும் துளை கிட்டத்தில் வந்தது. "பாத்தியா! வெள்ளக்காரன் யோசிக்காதத யோசிச்சிட்டோம்" என்று தொடையைத் தட்டினான். இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டினோம். அன்று எனக்கும் பெருமைதான்.

அக்கா ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். முகம் மாறியது.

"கால் போயிக்கினே இருக்குதுடா. நாத்து நடறப்ப சேத்துல எறங்கற மாதிரி. கெட்டித் தரையே தட்டல."

மறுபடி மிதித்தாள். இரண்டாவது மிதியில் கொஞ்சம் மேலே வந்தது, மூன்றாவதில் நின்றது. குழாய்க்குள் காற்று இருக்கிறது என்றேன். ஏர் எடுக்க ஆரம்பித்தோம். ஏர் எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து, காலிப்பரில் நிப்பிள் என்னும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அதிலிருந்து கண்ணாடி பாட்டிலுக்குள் ஒரு டியூபை விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"புடி. வுடாத."

"வுடல."

"இப்ப வுடு."

காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் இதே பேச்சு. ஒன்பது வருஷத்தில் வந்த கடிதங்களில் எழுதியதைவிட அந்த ஒரு நாளில் நாங்கள் அதிகம் பேசினோம் என்று எனக்குத் தோன்றியது. பெடலுக்கடியில் இருக்கும் தகட்டைக் கழற்றியிருந்ததால், வண்டிக்கு அடியிலிருந்து அவளுடைய செருப்பின் அடிப்பாகம் மட்டும் தெரியும். புழுதியும் வெக்கையுமாகக் கிடந்தேன். டியூபில் குமிழி ஒன்றுகூட வரவில்லை. தெளிந்த ஆயில்தான் வந்தது. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது.

மறுநாள், பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி வாஷரை மாற்றினேன். பஞ்சுதான். அதற்கு அடுத்த நாள் பின் சக்கர டிரம் பிரேக் இரண்டையும் இறுக்கிவைத்தேன். பஞ்சு. பிறகு முன் ஹோஸ் இரண்டையும் மரக்கட்டை வைத்து நெருக்கிப் பிடித்து மிதிக்கச் சொன்னேன். பெடல் கல்லாக நின்றது. அப்படியானால் கோளாறு முன்பக்கம், நாங்கள் மாட்டிய டிஸ்க்கில். எங்கே என்றுதான் தெரியவில்லை. கூட்டாளி பீடியைக் கடித்துக்கொண்டு, "பங்குச் சாமியாரக் கூப்ட்டுத் தீர்த்தம் தெளிச்சிப் பாக்கலாமா? ஆனா பெடல் எறங்குதுன்னு பாவசங்கீர்த்தனத்துல யாரு போயி சொல்றது?" என்றான். மாமா சிரிக்கவில்லை. எரிச்சலோடு நின்றவர், "உன் தம்பிக்கு லாரிதான் சரி" என்று அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, ஒரு பம்ப்செட் பார்க்கப் போனேன். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எப்போதும் பார்க்கிற கோளாறுதான். பம்பின் தலையில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினேன். காற்று உஸ்ஸென்று சீறியது, பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. திருகின் மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். காற்று மேலேதான் நிற்கும். எந்தக் காற்றும். அதனால்தான் இந்தத் திருகு தலையில் இருக்கிறது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வண்டிக்கடியில் நுழைந்தேன். பக்கம் மாற்றி மாட்டியதில் காலிப்பர் தலைகீழாகிவிட்டிருந்தது. காற்று வெளியேற வேண்டிய நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் நாங்கள் கீழே ஆயிலை வடித்துக்கொண்டிருந்தோம். காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று இன்றைக்கு என்னை நானே கேட்டால் பதில் சுலபம். திங்கட்கிழமை முழுக்க அக்கா எங்களுடையவளாக இருந்தாள். கருவாட்டுக் குழம்புக்கு அம்மாவோடு சண்டை போட்டாள். சங்கராபரணி ஆற்றுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு, ஈரப் பாவாடையோடு ஷெட்டுக்கு வந்து நின்றாள். வண்டியின் அடுப்பில் காப்பி போட்டு எனக்கு மட்டும் ஒரு கிளாஸ் அதிகம் ஊற்றினாள். நான் அடியில் படுத்துக்கொண்டு திறக்க வேண்டாத நட்டுகளைத் திறந்து மூடினேன். அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவைதான் ஊருக்கு வந்தாள். அம்மாவின் அடக்கத்துக்கு, விமானத்தில், நாலு நாள். அதனால்தானோ என்னவோ, திருடிய அந்தத் திங்கட்கிழமையை நான் இன்னும் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாமா நொண்டி நொண்டி ஷெட்டுக்கு வந்தார். அக்காவும் கூட வந்தாள்.

"ரெண்டு தபா பம்ப் அடிச்சா பெடல் நிக்குது இல்ல? அது போதும். வியாழக்கெழம கெளம்பறோம். பனி வுழறதுக்குள்ள மலைய தாண்டணும், எல்லை தாண்டற காயிதத்துக்கும் நாள் முடியுது" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். மாட்டேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, "சரி. பம்ப் அடிச்சி ஓட்டிக்கறேன்" என்றாள்.

கோளாறு இருந்தால் அவள் இருப்பாள் என்று நான் போட்ட கணக்கு பொய். கோளாறோடு போவாள். ஏதோ ஒரு மலை வளைவில் முதல் மிதி கீழே போகும். இரண்டாவது மிதிக்கு ரோடு இருக்காது. "சாயங்காலம் வரிக்கும் டைம் குடு மாமா" என்றேன்.

கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னதும் என் தலையில் ஒன்று போட்டான். பிறகு பேசாமல் ஜாக்கியை ஏற்றினான். காலிப்பர் இரண்டையும் அதனதன் பக்கத்தில் மாட்டினோம். ஹோஸைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையை வெட்டி நாலு விரல்கடை கீழே இறக்கி அவன் பற்ற வைத்தான். குழாயை நான் வளைத்துக் கொண்டுவந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மாமா டீக்கடைக்குப் போயிருந்தார். அக்கா ஏறி உட்கார்ந்தாள். மூன்று தடவை ஏர் எடுத்தோம். டியூபில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. அடுப்பில் கஞ்சி கொதிப்பதுபோல. பிறகு நின்றது.

"கல்லாட்டம் நிக்குதுடா!" என்றாள் மேலிருந்து. "இன்னா பண்ண?"

"மாத்தி மாட்டியிருந்தோம்க்கா. ஏர் மேல நின்னுக்கிச்சு."

"எப்ப தெரிஞ்சிது?"

"ஞாயித்துக்கெழம."

செருப்பு பெடலை மிதித்தபடியே இருந்தது.

"அம்மா மறைக்கச் சொல்லிச்சா?"

"இல்ல. நான்தான்."

அக்கா சொன்னாள்: "உனக்குத் தொழில் தெரியலன்னு மாமா சொன்னாரு. அதுக்கு ரெண்டு நாளா அவராண்ட பேசாம இருந்தேன் நானு."

"கால எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். நிப்பிளை இறுக்கி முடித்தாயிற்று, ஸ்பானர் கூடக் கையில் இல்லை.

"வுடாத" என்றேன்.

அவளும் விடவில்லை. நான் வானம் தெரியாத அந்த இடத்தில் மல்லாந்து கிடந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அவளுடைய கணுக்கால் நடுங்கத் தொடங்கியது தெரிந்த பிறகுதான் போதும் என்றேன். மாமாவிடம் அவள் கடைசி வரை எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை புளி, மிளகாய்த்தூள், ஒரு மூட்டை கருவாடு எல்லாவற்றையும் அம்மா கட்டிலுக்கடியில் திணித்தாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். கூட்டாளி சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல வேல" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள், ஏறினாள், பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள், இன்ஜினைக் கிளப்பினாள். நான் முன் சக்கரத்தை இன்னொரு தரம் பார்க்கிற சாக்கில் வண்டிக்கு எதிரே போய், பம்பர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் நடுக்கம் கைவழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சின்ன வயதில் அதட்டுகிற அதே குரல்.

"எதிர்ல நின்னுக்கினு இருந்தா நான் எப்பிடிடா எடுக்கறது? தள்ளி நில்லு."