கைதட்ட ஆள் அனுப்பியவன்

கைதட்டலை நான் நம்புவதில்லை. அதைத் தயாரித்தவன் நான். கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்திய காலத்தில், கூட்டத்தின் நடுவே என் ஆட்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் ‘ஒன்ஸ் மோர்’ என்று ஒருவன் கத்தினால் போதும், ஊரே கத்தும். பிறகு நாடகம் போட ஆரம்பித்தேன். அங்கே ராஜபார்ட்டின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்த மேடையேறும் முதல் ரசிகர் என் வேன் டிரைவர்தான். அவர் குத்தினால் அடுத்தவருக்கு ரோஷம் வந்துவிடும்.

இப்படிப் பிழைத்தவனுக்கு யார் எதைப் பாராட்டினாலும் ‘இவனை யார் அனுப்பியது?’ என்றுதான் தோன்றும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி பிரமாதம் என்றபோதுகூட, ஏதோ திட்டத்தோடு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

போன வருஷம் பரவைப் பக்கம் இருந்த வயலை விற்று ஒரு சினிமா எடுத்தேன். கச்சேரியும் நாடகமும் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது. இந்தப் படம் ஆசைப்பட்டு எடுத்தது. அதனால் இதற்கு ஓர் ஆளைக்கூட அனுப்பக் கூடாது என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நான் செய்ததில் ஒன்றாவது நிஜமாகவே யாருக்காவது பிடிக்கிறதா என்று சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் திருப்பரங்குன்றத்தில் தியேட்டர் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. விசில், கைதட்டல். பக்கத்தில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று போகிறவர்களை எல்லாம் கும்பிட்டேன்.

சில நாள் கழித்து, காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். ஆங்காங்கே சில தலைகள்தான் தெரிந்தன. எனக்கு முன் வரிசையில் ஓர் அம்மா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். சுருக்கென்றது எனக்கு. இவரை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். படம் முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன்.

“அக்கா, ஒங்கள ஆரு அனுப்புனது?”

“என்னைய ஆரு அனுப்பணும்? வெயிலுக்கு ஒதுங்குனேன்.”

“படம் எப்படி இருந்துச்சு?”

“அந்த அப்பன் சாகுறது மனசப் பெசஞ்சிருச்சு. ஆனா பின்பாதி சவ்வா இழுக்குது. அம்புட்டுப் பாட்டு எதுக்கு?”

கூலிக்கு அழ வந்தவர் குறை சொல்லமாட்டார். அந்த அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது.

அவர் ஏறிய பஸ் கிளம்பும்வரைதான் அந்தச் சந்தோஷம். பிடித்தவர்களே இப்படிக் குறை சொல்வார்கள் என்றால், முதல் நாள் அத்தனை பேரில் ஒருவர்கூடப் பாட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லையே? நேராக மாட்டுத்தாவணிக்குப் போனேன். அங்கே பூ மார்க்கெட்டில் என் மச்சினன் கடை வைத்திருக்கிறான்; எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர ஒரு கூட்டத்தைத் திரட்டக்கூடியவன் அவன்தான்.

“மாப்ள, மொத நாள் வந்த கூட்டம் ஆரோடது?”

மல்லிகைக் கூடையிலிருந்து நிமிராமலே சொன்னான்: “நம்ம மார்க்கெட் ஆளுகதேன் மாமா. வெறும் தியேட்டரப் பாத்தா ஒடஞ்சு போயிருவீகன்னு அக்காதேன் அனுப்பச் சொல்லுச்சு.”

கும்பிட்ட கை கூசியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் கத்தினேன்.

“அப்ப நீ அழுததும் செட்டப்புத்தானா?”

“அது நெசந்தேன்” என்றாள்.

நான் விடவில்லை. “எந்த எடத்துல அழுத? சொல்லு பாப்போம்.”

“படத்த எங்க பாத்தேன்? ஒவ்வொரு கைதட்டலுக்கும் திரும்பிப் பாத்துச் சின்னப்புள்ளையாட்டம் சிரிச்சுக்கிட்டே இருந்தீக. அனுப்புனவ நான்ல? அதப் பாக்க முடியாமத்தேன் அழுதேன்.”